வீட்டில் வார்த்த ஈயம்



கடந்த வசந்த காலத்தில் ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்து, மண்டபத்தில் தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில், நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் என் கையில் சிறிய பெட்டியொன்றை வைத்தார். திறந்து பார்த்தேன். உள்ளே பன்னிரண்டு தூண்டில்கள். ஒவ்வொன்றின் தலையிலும் கொண்டைக்கடலையைவிடச் சற்றே பெரிய ஈயக்குண்டு. அதற்கு மஞ்சள் நிறப் பூச்சு. பூச்சின் மேல் கறுப்புப் புள்ளியாக ஒரு கண்.

"சுவாமி, இது கடையில வாங்கினதில்லை. கராஜில நானே உருக்கி வார்த்தது. கண் வச்சது எங்கட சின்னவன்" என்றார். சின்னவனுக்கு ஏழு வயது. சிம்கோ ஏரிக்குத் தந்தையோடு மீன்பிடிக்கப் போகிறவன்.

அந்தப் பெட்டி பல நாள்கள் என் மேசையில் இருந்தது. என் தாய்வழிப் பாட்டனார் பாசையூர்க் கடலில் தொழில் செய்தவர். வீச்சு வலையின் விளிம்பில் கோக்கும் ஈய மணிகளை அவர் முற்றத்தில் மூன்று கல் வைத்து, பழைய தாச்சியில் உருக்கி வார்ப்பதைச் சிறுவனாகக் குந்தியிருந்து பார்த்திருக்கிறேன். ஆகவே அந்தப் பரிசைக் கண்டதும் முதலில் மகிழ்ச்சியே உண்டாயிற்று. பின்னர் வாசிக்க வாசிக்க ஒரு கலக்கம் வந்தது. அந்த மகிழ்ச்சியையும் கலக்கத்தையும் அவருடைய அனுமதியோடு இங்கே எழுதுகிறேன்.

மீன்பிடியில் ஈயம் மிகப் பழையது. துருக்கியின் தென்கரைக்கு அப்பால், உலுபுருன் என்னுமிடத்தில், கிறிஸ்துவுக்கு முன் 14ஆம் நூற்றாண்டில் மூழ்கிய கப்பலொன்றை ஆழ்கடல் அகழ்வாளர்கள் கண்டெடுத்தார்கள். செம்புக் கட்டிகளும் யானைத் தந்தமும் கிடந்த அதே கப்பலில் நூற்றுக்கணக்கான ஈய வலைக்குண்டுகளும் கிடந்தன. கப்பலாள்கள் வழியில் மீன் பிடித்து உண்டிருக்கிறார்கள். திருத்தூதர் பவுல் ஏறிய கப்பல் புயலில் அலைக்கழிந்து மால்டாவை நெருங்கிய இரவில், மாலுமிகள் கயிறு இறக்கி ஆழம் பார்த்ததைத் திருத்தூதர் பணிகள் நூல் 27ஆம் அதிகாரத்தில் சொல்கிறது. நம் கடலோடிகள் இன்றும் வழங்கும் பாகக் கணக்கில், முதலில் இருபது பாகம், பிறகு பதினைந்து பாகம். அக்கயிற்றின் நுனியில் தொங்கியதும் ஈயக்குண்டுதான்.

ஏன் ஈயம்? நீரைவிடப் பதினொரு மடங்குக்கு மேல் பாரமானது. ஆனால் 327 பாகை செல்சியசில் உருகிவிடும். இரும்பை உருக்க உலை வேண்டும். ஈயத்துக்கோ அடுப்பும் தாச்சியும் போதும். கடற்கரை ஏழைகளின் உலோகமாக அது ஆனதற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை.

நம்மவர் கையிலிருந்த அந்தத் தூண்டிலுக்கு ஜிக் என்று பெயர். ஆங்கிலத்தில் அச்சொல் துள்ளலையும் துள்ளல் நடனத்தையும் குறிக்கும். இரை கோக்காமல், பாரமான தூண்டிலை நீரில் இறக்கி, மேலும் கீழுமாகத் துள்ளவைத்து, அதைச் சிறு மீன் என்று பெரிய மீனை நம்பவைப்பது இதன் தந்திரம். இதை வீட்டில் வார்த்து வாழ்ந்த மக்கள் என்று நான் முதலில் சொல்ல வேண்டியவர்கள், கனடாவின் கிழக்கு முனையிலுள்ள நியூபவுண்ட்லாந்து மக்கள்.

1497இல் ஜோன் கபொட் அக்கடலுக்குப் போய்த் திரும்பியபின், இலண்டனிலிருந்த மிலான் தூதுவர் தம் கோமகனுக்கு ஒரு கடிதம் எழுதினார். அங்கே மீனைப் பிடிக்க வலைகூடத் தேவையில்லை, கூடையில் கல்லைக் கட்டி இறக்கினாலே போதும் என்று மாலுமிகள் சொன்னதாக அதில் குறிப்பிட்டார். அந்த மீன் கொட். அடுத்த ஐந்நூறு ஆண்டுகள் போர்த்துக்கேயர், பாஸ்க்கர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், அயர்லாந்தவர் எல்லாரும் அம்மீனைத் தேடியே அங்கு வந்தார்கள். தங்கிவிட்டவர்களுள் பலர் அயர்லாந்துக் கத்தோலிக்கர். தீவின் தென்கிழக்கில் நீண்டு கிடக்கும் அவலன் தீபகற்பத்தின் தென்கரைக் கிராமங்களில் அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கிறார்கள்.

கொட் அடிநிலத்தை ஒட்டி வாழும் மீன். கோடையின் தொடக்கத்தில் கேப்லின் என்னும் சிறு மீன்கள் முட்டையிடக் கரையை நோக்கிக் கூட்டங்கூட்டமாக வரும். கொட் அவற்றைப் பின்தொடர்ந்து வந்து வயிறு முட்டத் தின்னும். அப்போது தூண்டிலில் கோத்த இரையை அது திரும்பியும் பாராது. இரை அகப்படாத நாள்களும் உண்டு. இவ்விரு வேளைகளுக்கும் உரிய கருவியே ஜிகர். ஈயத்தில் வார்த்த கேப்லின் அளவான மீன் வடிவம். அதன் முனையிலிருந்து ஒன்றுக்கொன்று முதுகு காட்டி வளைந்த இரண்டு பெரிய கொக்கிகள். அடிநிலம் தட்டும் வரை இறக்கி, ஒரு பாகம் உயர்த்தி, கையை வெட்டி வெட்டி இழுப்பார்கள்.

சென் ஜோன்ஸ் நகரில் ஓர் அருங்காட்சியகத்தில் இத்தகைய ஜிகர்களைப் பார்த்தேன். ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. ஒன்றில் செதில்கள் கீறப்பட்டிருந்தன. ஒன்றில் வால் சற்றே வளைந்திருந்தது. அவை பட்டறையில் பிறந்தவை அல்ல. மரக்கட்டையையோ மாக்கல்லையோ இரு பாதிகளாகப் பிளந்து, ஒவ்வொன்றிலும் அரை மீனைக் குடைந்து, இரண்டையும் பொருத்தி, கொக்கிகளின் காம்பை உள்ளே கிடத்தி, மேலே விட்ட துளை வழியாக உருகிய ஈயத்தை ஊற்றுவது வழக்கம். அச்சைப் புகையில் பிடித்துக் கரி படியவைத்தால் ஈயம் மூலை முடுக்கெல்லாம் ஓடி நிரம்பும். அச்சில் ஒரு துளி ஈரமும் இருக்கக் கூடாது. துளி நீர் நொடியில் நீராவியாகிப் பல நூறு மடங்கு விரியும். உருகிய ஈயம் முகத்தில் தெறிக்கும். வார்த்த ஈயம் சில நாளில் மங்கி நரைத்துவிடும் என்பதால், கடலுக்குப் போகுமுன் கத்தியால் சுரண்டி வெள்ளிபோல் பளபளக்கச் செய்வார்கள். அந்தப் பளபளப்பே கொட் மீனுக்குக் கேப்லினாகத் தோன்றியது.

ஏன் வீட்டில் வார்த்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அக்கிராமங்களில் பணம் புழங்கவில்லை. வணிகர் வசந்தத்தில் மாவையும் கயிற்றையும் கொக்கியையும் கடனாகக் கொடுப்பார். இலையுதிர் காலத்தில் உலர்த்திய மீனை வாங்கிக் கணக்கைத் தீர்ப்பார். மீனின் விலையை முடிவு செய்பவரும் அவரே. பல குடும்பங்கள் அந்தக் கணக்கிலிருந்து மீண்டதே இல்லை. (நம் கடற்கரைகளில் சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) கையால் செய்யக்கூடிய எதையும் கடன் புத்தகத்தில் ஏற்றாமல் காப்பது அவர்களுக்குப் பிழைப்பின் நெறி.

கணவாய்க்கும் தனி ஜிகர் உண்டு. சிறிய ஈயக்குண்டின் அடியில் ஊசிகள் பூவிதழ்போல் வட்டமாக விரிந்திருக்கும். கணவாய் பிடிபடும்போது மையை முகத்தில் பீய்ச்சும் கூத்தை ஆர்தர் ஸ்கம்மெல் என்பவர் பள்ளிப் பருவத்திலேயே, 1928இல், பாடலாக எழுதினார். 1949இல் நியூபவுண்ட்லாந்து கனடாவோடு இணைந்தபோது ஒட்டாவா நாடாளுமன்றக் கோபுரத்தின் மணிகளில் ஒலித்தது அந்தப் பாடலே. ஒரு தேசம் தூண்டில் பாட்டோடு இன்னொரு தேசத்துக்குள் நுழைந்தது என்பதை நினைக்க எனக்கு எப்போதும் பிடிக்கும்.

அந்தக் கரைக்கு நாமும் கடன்பட்டவர்கள். 1986 ஆகஸ்ட் 11ஆம் நாள், அவலன் தீபகற்பத்தின் தென்கரைக்கு அப்பால், அடர்ந்த மூடுபனியில், இரண்டு உயிர்காப்புப் படகுகள் நீரும் உணவும் தீர்ந்து மிதந்துகொண்டிருந்தன. அவற்றுக்குள் 150க்கும் மேற்பட்ட ஈழத் தமிழர். அவர்களை முதலில் கண்டு கரைசேர்க்க முனைந்தவர் கஸ் டோல்ட்டன் என்னும் மீனவர். அருகிலிருந்த மற்ற மீன்பிடிப் படகுகளும் துணைக்கு வந்தன. யார், எவர், எங்கிருந்து, எந்தத் தாள் என்ற கேள்விகளையெல்லாம் அரசும் செய்தித்தாள்களும் பின்னர் கேட்டன. மீனவர்கள் கேட்கவில்லை. கடலில் தத்தளிப்பவரை ஏற்றுவது அவர்களுக்குத் தொழிலின் ஒரு பகுதி. தலைமுறை தலைமுறையாக ஈயம் வார்த்துக் கொட் பிடித்துப் பிழைத்த அக்கரை மக்களின் கைகளே நம்மவரைத் தூக்கிவிட்டன.

ஆறு ஆண்டுகளில் அக்கரையின் வாழ்வே கவிழ்ந்தது. பெரிய இழுவைக் கப்பல்கள் இரவு பகலாக வாரியள்ளின. 1968இல் மட்டும் 8 இலட்சம் தொன்னுக்கு மேல் வடகடல் கொட் பிடிக்கப்பட்டது. 1992 ஜூலை 2ஆம் நாள் அரசு கொட் மீன்பிடியை நிறுத்தியது. ஏறத்தாழ 30,000 பேர் தொழிலிழந்தார்கள். வடகடல் கொட் வணிகத்துக்கான முழுத்தடை 2024இல்தான் நீங்கியது. கையால் வார்த்த ஜிகர் அந்த அழிவைச் செய்யவில்லை. ஆயினும் அதற்கும் ஒரு குறை உண்டு. இரையில்லாத கொக்கி வாயில்தான் கொளுவ வேண்டும் என்றில்லை. வயிற்றிலும் விலாவிலும் குத்தும், குத்துப்பட்ட மீன் தப்பிப் போய்ச் சாகும். இன்று மக்கள் தம் உணவுக்காக ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து கொட் பிடிக்கலாம். ஆனால் அந்தப் பொழுதுபோக்கு மீன்பிடியில் ஜிகர் தடைசெய்யப்பட்ட கருவி. பிறந்த வீட்டிலேயே அதற்கு இடமில்லாமற் போயிற்று.

இனி நம்முடைய ஏரிகளுக்கு வருவோம். நியூபவுண்ட்லாந்து ஜிகர் உள்ளங்கை நீளமானது. எந்தப் பறவையும் அதை விழுங்காது. இருபதாம் நூற்றாண்டில் ஏரி மீன்களுக்காக அதே உத்தியைச் சுருக்கி, ஒற்றைக் கொக்கியின் தலையில் ஏழு கிராம், பத்து கிராம் ஈயத்தை வார்க்கத் தொடங்கினார்கள். அலுமினிய அச்சுகள் கடைக்கு வந்தன. வாகனச் சில்லுகளின் சமநிலைக்குப் பொருத்தும் ஈயத் துண்டுகள் பழுதுபார்க்கும் இடங்களில் இலவசமாகக் கிடைத்தன. வட அமெரிக்கா எங்கும் கராஜ்களிலும் நிலக்கீழ் அறைகளிலும் குளிர்கால இரவுகளில் ஈயம் உருகிற்று. கருவி சுருங்கியது. அந்தச் சுருக்கத்தில்தான் கேடு புகுந்தது.

நம் ஒரு டொலர் நாணயத்தில் 1987 முதல் நீந்தும் லூன் பறவைக்குப் பல்லில்லை. ஏரியடியில் கூழாங்கற்களைப் பொறுக்கி விழுங்கி, வயிற்றின் தசைப்பையில் அவற்றைக் கொண்டு இரையை அரைக்கும். அறுந்து கிடக்கும் ஈயக்குண்டும் அதற்கு ஒரு கூழாங்கல்லே. தூண்டிலோடு தப்பிய மீனை விழுங்கியும் ஈயம் உள்ளே போகும். வயிற்று அமிலமும் அரைப்பும் சேர்ந்து அதைக் கரைக்கும். ஒரே ஒரு குண்டு போதும். சில வாரங்களில் பறவை தலை தூக்க மாட்டாமல் கரையொதுங்கிச் சாகும். இறந்து கிடைத்த முதிர்ந்த லூன்களை ஆராய்ந்தவர்கள், சாவின் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக ஈயத் தூண்டிலைக் கண்டார்கள். ஆண்டுக்கு இரண்டு முட்டைக்கு மேல் பெரும்பாலும் இடாத பறவை அது. இங்கிலாந்தில் அன்னப்பறவைகள் இவ்வாறே மடிந்தன. 1987இல் அங்கே சிறிய ஈயக்குண்டுகளின் விற்பனை தடைசெய்யப்பட்டது, அன்னங்கள் மீண்டும் பெருகின. கனடாவில் 1997 முதல் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டும் ஈய ஜிக்கும் கொண்டுசெல்லக் கூடாது. மற்ற பெரும்பாலான ஏரிகளில் அந்தத் தடை இல்லை. எனவே நம்மவர் செய்தது சட்டமீறல் அன்று.

லூனைப் பற்றி நான் சொன்னபோது அவர் தலையசைத்தார். மகனைப் பற்றிச் சொன்னபோது முகம் மாறியது. "எங்கட அப்பா காலம் முழுக்க ஈயம் வார்த்தவர். அவருக்கு ஒண்டும் நடக்கேல்லையே சுவாமி?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. என் பாட்டனாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்றே நானும் அறுபது ஆண்டுகள் நம்பியிருந்தேன். அவருடைய கைநடுக்கத்தை முதுமை என்றோம். ஓயாத வயிற்றுவலிக்குக் கசாயம் கொடுத்தோம். அவை ஈயத்தால் வந்தவை என்று நான் சொல்லவில்லை. யாரும் அளந்து பார்க்கவில்லை என்றுதான் சொல்கிறேன்.

அளக்காமலே அறிந்தவர்களும் இருந்தார்கள். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் 1786இல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் தம் இளமையை நினைவுகூர்கிறார். 1724இல் இலண்டன் அச்சகமொன்றில் வேலை செய்தபோது, குளிருக்காக ஈய எழுத்துகளை நெருப்பில் வாட்டிக் கோத்தாராம். கைகளில் வலி கண்டது. அப்படிச் செய்து கைகள் விளங்காமற் போனவர்களைக் காட்டி மூத்த தொழிலாளி ஒருவர் எச்சரித்தார். நோய்க்குக் காரணம் புகை என்று சிலர் கருத, ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் உணவுக்கு உட்காருவதே காரணம் என்று இன்னொருவர் சொன்னதையும் பிராங்கிளின் குறித்துவைத்தார். பயனுள்ள ஓர் உண்மை தெரிந்த பிறகும் வழக்கத்துக்கு வர எவ்வளவு காலம் பிடிக்கிறது என்று கடித முடிவில் அவர் வருந்துகிறார். அதற்கும் இப்போது இருநூற்று நாற்பது ஆண்டுகள் ஆகின்றன.

அந்த இன்னொருவர் சொன்னது பெரும்பாலும் சரி. உருகும் அளவு வெப்பத்தில் ஈயம் அதிகம் ஆவியாவதில்லை. சூடு எல்லை மீறினால்தான் புகை பெருகும். வீட்டில் கூடுதலாக அஞ்ச வேண்டியது கசடை. உருகிய ஈயத்தின் மேல் சாம்பல்போலவும் மஞ்சள் தூளாகவும் படர்வதை அகப்பையால் வழித்துப் போடுகிறோமே, அது காற்றில் எழும், தரையில் படியும், சட்டையில் ஏறி வீட்டுக்குள் வரும். வார்ப்பின் பிசிறை அரத்தால் தேய்க்கும்போது வரும் துகளும் அப்படியே. பிள்ளை தரையில் விளையாடி விரலை வாயில் வைக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்வதன்படி, விழுங்கிய ஈயத்தைச் சிறு குழந்தையின் உடல் வளர்ந்தவருடையதைப்போல் நான்கு ஐந்து மடங்கு அளவில் உறிஞ்சிக்கொள்ளும்; பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க அளவும் கிடையாது. அது மூளை வளர்ச்சியைத் தாக்கும். எலும்பில் தங்கிவிடும்; பெண்ணுக்கானால், ஆண்டுகள் கழித்துக் கருவுற்ற காலத்தில் எலும்பிலிருந்து இறங்கி வயிற்றிலுள்ள சிசுவையும் சேரும். நம் முற்றங்களில் கடற்காற்று அடித்தது. இங்கே குளிருக்காகக் கராஜின் கதவு மூடியிருக்கிறது. அதன் மறுகதவு குசினிக்குள் திறக்கிறது.

அந்த வாரமே குடும்ப வைத்தியரிடம் சிறுவனை அழைத்துப் போனார்கள். சாதாரண இரத்தப் பரிசோதனைதான். முடிவு அவர்கள் வீட்டுச் செய்தி, நான் எழுதமாட்டேன். வீட்டில் ஈயம் வார்க்கும் மற்றவர்களும், சிறு பிள்ளைகளோ கருவுற்ற பெண்ணோ இருந்தால், வைத்தியரிடம் அதைச் சொல்லுங்கள். மிஞ்சிய ஈயத்தையும் கசடையும் குப்பையில் போடாமல் நகரசபையின் அபாயக் கழிவு நிலையத்தில் கொடுங்கள். அந்தப் பன்னிரண்டு தூண்டில்களையும் நானே அங்கு கொண்டுபோய்க் கொடுத்தேன். சிறுவன் வைத்த கண்ணுக்காக ஒன்றை மட்டும் வைத்திருக்க மனம் இழுத்தது; வைத்திருக்கவில்லை.

கைத்தொழிலைக் கைவிடு என்று நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல மனமும் வரவில்லை. தமிழில் ஈயம் இரண்டு: காரீயம், வெள்ளீயம். நஞ்சு காரீயம்தான். வெள்ளீயம் 232 பாகையிலேயே உருகும். அதோடு பிஸ்மத் என்னும் உலோகத்தைத் தக்க அளவில் கலந்தால் 138 பாகை போதும், பாரமும் கூடும். விலை அதிகம் என்பது உண்மை. காரீயத்தைவிட இலேசானது என்பதால், அதே எடைக்கு உருவம் சற்றுப் பெரிதாகும். அடிக்குப் போய்ச் சேரவும் சிறிது நேரம் எடுக்கும். காரீயம் ஊற்றிய சட்டியையும் அச்சையும் ஒதுக்கிவிட்டுப் புதியன வாங்குவதே நல்லது.

சென்ற மாதம் அவர் மறுபடியும் ஒரு பெட்டியோடு வந்தார். இம்முறை ஆறு, சற்றுப் பருமனாக, பூச்சில்லாமல், பளபளவென்று. மீன் அகப்பட்டதா என்று கேட்டேன்.

"அதை மீனைத்தான் கேக்கவேணும் சுவாமி. இறங்கச் சுணங்குது. சின்னவன் மட்டும் ரெண்டு பிடிச்சவன்" என்றார்.

உங்கள் பங்குத்தந்தை